ரெண்டு விரல்

ஜூன் 3

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, அப்பாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கை வரவில்லை.

நேற்று சமையலறையில் பல்பு மாற்றுகிறேன் பேர்வழி என்று ஸ்டூல் மேல் ஏறியிருக்கிறார். எழுபத்திரண்டு வயது. நான் பட்டறையிலிருந்து வந்து மாற்ற மாட்டேனா? வந்து பார்த்தால், தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "ஏம்ப்பா கீழ உக்காந்திருக்கீங்க?" என்று கத்தினேன். கத்தினால்தானே அவருக்குக் கேட்கும். "எந்திரிக்க முடியல. ஆனா பல்பு எரியுது பாரு" என்றார். மூன்று மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார் அக்கா. அன்றைய பேப்பரை விளம்பரம் உட்பட முடித்துவிட்டார்.

தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கிறதாம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். மூன்றாம் மாடி, ஆண்கள் அறுவை வார்டு, ஜன்னலோரக் கட்டில். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாக வேலை செய்கிறது, அதைச் சரிபார்த்துவிட்டு ஒன்பதாம் தேதி ஆபரேஷன் என்கிறார்கள். இதில் ஒரே நல்ல சேதி, அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் உன்னோடு நர்சிங் படித்தவர், நீங்களெல்லாம் முயல் என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். இன்னும் அதே ஓட்டம்தான் ஓடுகிறார். என்னைப் பார்த்ததும், "நீ அவ தம்பிதான? அந்த மூக்க எங்க பாத்தாலும் தெரியும்" என்றார்.

மயக்க டாக்டர் வந்து என்னென்னவோ சொன்னார். நரம்புக்குக் குழாயாம், மாத்திரையாம், ஐஸாம், தேவைப்பட்டால் ஊசியாம், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். எனக்கு லேத்தை விட்டால் ஒன்றும் தெரியாது. நீ இதே வேலையில்தானே இருக்கிறாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அப்பாவுக்கும் படித்துக் காட்டுகிறேன். கொதிகலன் அறையில் முப்பது வருஷம் நின்ற காது, போனை வைத்தால் அவருக்கு இரைச்சல்தான். உன் கடிதம் என்றால் ரெண்டு தடவை படிக்கச் சொல்வார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

நான் சுகம். நாலு நாளாகத் தலைவலி. "வலி டிபார்ட்மெண்ட்ல இருக்கறவளுக்கே வலியா" என்று நீ பல்லைக் காட்டுவாய் என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு எழுதவில்லை.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. பதிமூன்றாம் தேதி பக்கத்து ஊர் நர்ஸுகளையெல்லாம் வரவழைத்து வகுப்பு வைத்திருக்கிறார்கள். எடுக்கப் போவது நான். அது முடிந்ததும் ஓடி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முன்பெல்லாம் ஆபரேஷன் முடிந்தால் ஒரே மருந்துதான், மார்ஃபின் ஊசி. வலி கூடினால் ஊசியைக் கூட்டுவார்கள். ஒரே ஆளின் தலையில் நாலு மூட்டையை ஏற்றினால் என்ன ஆகும்? இப்போது நாலு பேரிடம் ஆளுக்கொரு மூட்டை. தொடை நரம்பைச் சுற்றி மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அது ஒருவர். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாரசிட்டமால், வலிக்கிறதோ இல்லையோ கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அது இன்னொருவர். வீக்கத்துக்கு ஐஸ் பை. நாலாவதாகத்தான் ஊசி. அதுவும் மற்ற மூன்றும் போதாவிட்டால். இப்படிச் சேர்த்துக் கொடுத்தால் எதையும் அதிகம் கொடுக்க வேண்டியிருக்காது, ஆள் தெளிவாக இருப்பார், சீக்கிரம் எழுந்து நடப்பார். இதைத்தான் ஏழு வருஷமாக ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இனி எழுதுவதை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. வலி எவ்வளவு என்று நர்ஸ் அடிக்கடி கேட்பார். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. அந்த எண்ணை அட்டையில் எழுதி, அதைப் பார்த்துத்தான் ஊசி. அப்பாவுக்குக் காதில் விழாது, நீதான் விரலைக் காட்டிக் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கேட்டவர்களுக்கெல்லாம் "ரெண்டு, ரெண்டு" என்றே சொன்னார். ஐந்தாம் நாள் தையலைப் பிரித்தால் உள்ளே அத்தனையும் சீழ். "யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன்" என்றார். அந்த மனுஷனின் ரெண்டு, மற்றவர்களுக்கு நாலு. அதனால் அவர் எத்தனை விரல் காட்டினாலும் இரட்டித்துச் சொல். அவருக்குத் தெரிய வேண்டாம்.

மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல். நீயும் பட்டறை, ஆஸ்பத்திரி என்று அலைந்து விழுந்துவிடாதே. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று இந்தத் தடவை தைரியமாக எழுதுகிறேன். உன் கடிதம் நேற்றுக் காலை ஆபரேஷனுக்கு முன்னால் வந்தது. முதல் பாதியை அப்பாவுக்கு வாசித்தேன். மூட்டை கதையைக் கேட்டுவிட்டு, "நாலு பேருக்கும் கூலி யாரு குடுக்கறது?" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்று காலை பார்த்தால் அக்கா, கட்டிலைச் சாய்த்து உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர், கால்விரல் எடுத்தவர். பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை, அப்பாவுக்கு நன்றாகக் கேட்கிறது. ரெண்டு பேரும் சீட்டு ஆடினார்கள். அப்பா ஜெயித்துவிட்டுச் சிரித்ததை நீ பார்க்க வேண்டும். பல்செட் இல்லாத சிரிப்பு.

உன் சொல்படிதான் நடக்கிறேன். முயல் அக்கா வாசலில் நின்று என்னைப் பார்ப்பார். நான் அப்பா முகத்துக்கு நேரே பத்து விரலையும் விரித்து, புருவத்தைத் தூக்குவேன். அவர் ரெண்டு விரல் காட்டுவார். நான் திரும்பி முயல் அக்காவுக்கு நாலு விரல் காட்டுவேன். அவரும் ஒரு மாதிரி தலையை ஆட்டிவிட்டு, அட்டையில் எழுதி, ஊசி போட்டுவிட்டுப் போகிறார். நேற்றிலிருந்து நாலைந்து தடவை ஆகிவிட்டது. அப்பாவை ஏமாற்றுகிறோமே என்று சிரிப்பாகவும் இருக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது. மனுஷன் வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்லமாட்டார். அவருக்காகச் சொல்லவாவது நாம் இருக்கிறோமே.

உன் தலைவலி போனதா? வலி டிபார்ட்மெண்டிலேயே... சரி, வேண்டாம்.

தம்பி


ஜூன் 13, மதியம்

அக்காவுக்கு,

சௌக்கியம்தானே? இன்று உன் வகுப்பு. நன்றாக நடந்திருக்கும்.

நேற்றிலிருந்து அப்பாவுக்கு நல்ல தூக்கம். சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டார். கண்டக்டர் ரெண்டு தடவை எழுப்பிப் பார்த்துவிட்டு, "டிப்போக்குப் போயிருச்சுப்பா வண்டி" என்று விட்டுவிட்டார். இன்று ரொட்டி வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டார். இதை எழுதும்போது பக்கத்தில் அப்படி ஒரு குறட்டை. அம்மா போன பிறகு இவர் இப்படிக் குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை. வீட்டில் ஒவ்வொரு ராத்திரியும் வலியை அடக்கிக்கொண்டு புரண்டிருப்பார் போல. உன் புண்ணியத்தில் இப்போதாவது தூங்குகிறார்.

விரல் கேட்டால் கண்ணைத் திறக்காமலே ரெண்டு காட்டுகிறார். அதுவும் ஒரு அழகு.

இதைக் கீழே தபால் பெட்டியில் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

தம்பி


ஜூன் 13, காலை

தம்பிக்கு,

உன் பத்தாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. நான் சுகம். அப்பா சிரிக்கிறார், சாப்பிடுகிறார் என்றதில் மனசு நிறைந்தது.

ஒரே ஒரு விஷயம். இதைப் படித்ததிலிருந்து அப்பா காட்டுவதை அப்படியே சொல். ரெண்டு என்றால் ரெண்டு. இரட்டிக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஆட்டோ வாசலில் நிற்கிறது.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றுமில்லை.

நீ வந்திருந்த மூன்று நாளும் நாம் பேசவே இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாய், கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாய். நானும் கேட்கவில்லை. இப்போது வீட்டில் ஆள் இல்லை, கேட்கத் தோன்றுகிறது.

என்ன நடந்தது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லக்கூட இல்லை. அன்று மதியம் உனக்குக் கடிதத்தைப் போட்டுவிட்டு மேலே வந்தேன். சாயங்காலம் குறட்டை நின்றது. சரி, ஆழ்ந்து தூங்குகிறார் என்று நினைத்து, வெயில் முகத்தில் படாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அந்தத் திரையை இழுத்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன் அக்கா. முயல் ஊசியோடு வந்து, கையைத் தொட்டதும் ட்ரேயைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். ஊசியை முறிக்கிற மருந்து ஏற்றினார்கள், குழாய் போட்டார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். அவர் உதடு நீலமாக இருந்தது. மறுநாள் விடியும்போது முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்திருக்கிறார்கள். மயக்க டாக்டர் அட்டையை என்னிடம் காட்டினார். நான் ஒவ்வொரு தடவையும் நாலு காட்டினேன். அட்டையில் எட்டு. முதல் கட்டத்திலிருந்து கடைசி வரைக்கும் எட்டு, எட்டு, எட்டு. நாலு என்றால் அந்த வார்டில் ஊசியே கிடையாதாம். ஏழுக்கு மேல் போனால்தான் முழு ஊசி. அதிலும் சிறுநீரகம் மந்தமான ஆளுக்கு அந்த மருந்து வெளியே போகாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டு வருமாம். நாலு எப்படி எட்டாகும்? அவளுக்குக் கண் தெரியாதா? என் மூக்கு மட்டும் தெரிந்ததே. அவளை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். நான் விடப் போவதில்லை.

இன்னொன்று. உன் பதிமூன்றாம் தேதிக் கடிதம் நீ இங்கே இருக்கும்போதே வந்து, கதவுக்கடியில் செருப்புகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. நீ பஸ் ஏறிய பிறகுதான் பார்த்தேன். இரட்டிக்க வேண்டாம், காரணம் பிறகு எழுதுகிறேன் என்று போட்டிருக்கிறாய். என்ன காரணம்?

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஹோட்டலிலேயே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவின் துணிகளை இப்போதே யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். முயலைப் பற்றிக் கடுமையாக எதுவும் பேசாதே. அந்த வார்டில் முப்பது கட்டிலுக்கு ரெண்டு நர்ஸ். அவள் கெட்டவள் இல்லை.

நீ கேட்ட காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், சிரிக்கிறார் என்று எழுதியிருந்தாய். இனிமேல் இரட்டிக்கத் தேவையில்லை என்று தோன்றியது. நர்ஸ் புத்தி, அவ்வளவுதான்.

மழைக்காலம் வருகிறது. சமையலறைக் கூரை ஓடுகளைப் பார்த்து மாற்றச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

உன் நலத்துக்கு என் விசாரிப்புகள். என் நலத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

விசாரணை முடிந்தது. நீண்ட மேஜை, அந்தப் பக்கம் அஞ்சு பேர். முயல் ஓரத்தில் ஒரு நாற்காலியில். யூனிஃபார்ம் இல்லாமல் அவரைப் பார்த்ததும் யாரோ மாதிரி இருந்தது. "பையன் நாலுன்னு காட்டியிருக்கார். நீங்க ஏன் எட்டுன்னு எழுதினீங்க?" என்று கேட்டார்கள். "என் கணிப்பு சார்" என்றார். "எதை வெச்சுக் கணிச்சீங்க?" என்றார்கள். நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். "தப்பு என்னோடதுதான். நான் அவர்கிட்ட நேரா போய்க் கேட்டிருக்கணும்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

பிறகு என்னைக் கேட்டார்கள். "உங்கப்பா எத்தனை விரல் காட்டினார்?"

நாலு என்று சொல்லிவிட்டேன் அக்கா.

முயல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. என்னவோ இப்போதுதான் புரிந்த மாதிரி பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். ரெண்டு என்று சொல்லியிருந்தால், நீ ஏன் நாலு காட்டினாய் என்று கேட்டிருப்பார்கள். உன் பேர் வந்திருக்கும். அதற்காகத்தான் பொய் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உண்மை, பயம். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. அவர் எப்படி எட்டு எழுதினார் என்பது அவர் பாவம். ஆனால் நான் ரெண்டு என்றே காட்டியிருந்தால்? உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா இருந்திருப்பாரா? பட்டறையில் லேத் முன்னால் நின்றால் அளவு தப்புகிறது. போன வாரம் விரலை நகத்தோடு சேர்த்துச் சீவிக்கொண்டேன். முதலாளி, "கொஞ்ச நாள் வீட்ல இருப்பா" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் இருந்தால் அந்தப் பல்பு எரிகிறது. நான் அதை அணைப்பதில்லை.

நீ இதையே வேலையாக வைத்திருப்பவள். உனக்குத் தெரியும். நான் அப்பாவைக் கொன்றேனா? ஆமாம், இல்லை. ஒரே வார்த்தையில் எழுது, போதும்.

தம்பி


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நலமா?

மூன்று வாரம் ஆயிற்று, பதில் இல்லை. தபால்காரரைத் தெருமுனை வரைக்கும் துரத்திப் போய்க் கேட்டேன். முயலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கண்டக்டர் சொன்னார். காலுக்குக் கட்டு மாற்ற வந்தவர், பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் நிற்கவில்லை.

நீ பதில் எழுதாததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். தப்பில்லை, உன்னால் அதைக் கையால் எழுத முடியாதுதான். எனக்கு இப்போதெல்லாம் தூக்கம் இல்லை. அப்பாவின் மாத்திரைப் பை இன்னும் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு இனி நான் தொந்தரவு தர மாட்டேன்.

தம்பி


செப்டம்பர் 12

தம்பி,

முதலில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்க் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு வா. கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி. கீழ்வீட்டு அக்காவுக்குப் போன் செய்திருக்கிறேன், இன்று ராத்திரியிலிருந்தே அவர்கள் மகன் உன்னோடு வந்து படுப்பான். முறைக்காதே, அவனை உள்ளே விடு.

நீ கேட்டதற்கு ஒரே வார்த்தை: இல்லை.

நீ மட்டும் இரட்டித்திருந்தால் ரெண்டு நாலாகியிருக்கும். நாலுக்கு அந்த வார்டில் ஊசி கிடையாது. அப்பா இந்நேரம் கண்டக்டரோடு சீட்டு ஆடிக்கொண்டிருப்பார். உன் பொய் ஒரு துளி மருந்தைக்கூட அவர் உடம்பில் ஏற்றியிருக்காது. இதை ஜூலையிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் ஓடு மாற்று, வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எழுதினேன்.

ஜூன் ஆறாம் தேதி நான் ரெண்டு கடிதம் எழுதினேன். ஒன்று உனக்கு. இன்னொன்று முயலுக்கு. "எங்கப்பா வலியை மறைக்கிற ஆள். அவர் எந்த எண் சொன்னாலும் அட்டையில் இரட்டித்து எழுது. ரெண்டு என்றால் நாலு. என்னை நம்பு" என்று. உன்னிடம் சொல்லியிருப்பதை அவளிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை. நீ சின்னப் பையன், மறந்துவிடுவாய், அவளாவது செய்யட்டும். அவளுக்கு வேலை அதிகம், விட்டுவிடுவாள், நீயாவது செய்யட்டும். இப்படித்தான் நினைத்தேன். ஒருவர் தவறினால் இன்னொருவர். ரெண்டு பேருமே தவறவில்லை. நீ காட்டிய நாலு அப்பா சொன்ன நாலு என்று நினைத்து, நான் கேட்டுக்கொண்டபடி அவள் எட்டு எழுதினாள்.

பதிமூன்றாம் தேதி காலை உன் கடிதத்தைப் படித்தேன். நாலு காட்டினேன், ஊசி போட்டார் என்ற வரியைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நாலுக்கு ஊசி இல்லையே. போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வார்டு நம்பர் எனக்கு மனப்பாடம். செய்யவில்லை. சாப்பிடுகிறார், சிரிக்கிறார் என்று எழுதியிருந்தாய், அது மூன்று நாளைக்கு முந்தைய அப்பா என்று யோசிக்கவில்லை. போன் செய்தால் முயலிடம் நான் செய்த கோமாளித்தனத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கப் போகிறவள், வெட்கமாக இருந்தது. கடிதம் போட்டால் போதும் என்று எழுதிவிட்டு ஆட்டோ ஏறினேன். அன்று பத்து மணிக்கு நாற்பது நர்ஸுகளுக்கு நான் எடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? ஊசி போட்ட ஆளின் மூச்சை எண்ண வேண்டும், குறட்டை கேட்டால் தூக்கம் என்று நம்பக் கூடாது, எழுப்பிப் பார்க்க வேண்டும். அதை உனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

லீவும் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

போன மாதம் முயலிடமிருந்து ரெண்டு வரி வந்தது. "உன் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் காட்டவில்லை. நீயாகச் சொல்வாய் என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன்." படிக்கிற காலத்தில் அவள் உடைத்த கருவிப் பெட்டிக்கு நான் பழி ஏற்றுக்கொண்டேன், அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறாள். இந்தத் தடவை நான் உடைத்தது வெறும் பெட்டி இல்லை. அந்த ரெண்டு வரி வந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ கேட்ட பிறகும் மூன்று வாரம் மூடிக்கொண்டிருந்தேன். உன் தலைமாட்டுப் பை பற்றிப் படித்த பிறகுதான் எனக்குக் கை வந்தது.

இதோடு நான் ஆஸ்பத்திரித் தலைவருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இங்கேயும் சொல்லிவிட்டேன். என்னை வகுப்பிலிருந்தும் வார்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், மேல் நடவடிக்கை வரும். வரட்டும்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


அக்டோபர் 30

அக்கா,

ஒன்றரை மாதம் எழுதவில்லை. நீ என்னைக் காக்க வைத்ததற்குப் பழிவாங்கவில்லை. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வந்தது. அதையும் எழுதி, கிழித்து, எழுதி, கிழித்து, நோட்டு தீர்ந்துவிட்டது.

பை கீழ்வீட்டில் இருக்கிறது. பையன் இன்னும் வந்து படுக்கிறான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பீஸைக் கடையும்போது, பின்னால் தேய்த்துச் சரிசெய்வதற்காக அளவில் ஒரு நூல் கூடுதலாக விடுவோம். வரைபடம் போடுகிறவர் விடுவார், இல்லாவிட்டால் கடைகிறவன் விடுவான். ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு நூல் கூட்டினால் பீஸ் குப்பைக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி தலையில் குட்டிச் சொன்ன பாடம் இது. உனக்கு யாரும் குட்டவில்லை. எனக்குக் குட்டியும் உறைக்கவில்லை.

நான் தலைவரிடம் போய், அப்பா காட்டியது ரெண்டு விரல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முயல் அக்காவை மறுபடி கூப்பிடுவார்களா என்று தெரியாது. அவர் இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்கிறார். போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், "மூக்கு சிவந்திருக்கு, சளியா?" என்று ஒரு மாத்திரையை நீட்டினார். அதற்கு மேல் நிற்க முடியவில்லை, வெளியே வந்து அழுதேன்.

கண்டக்டர் அன்று பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொல்ல வந்ததைப் போன வாரம் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஆபரேஷனுக்கு மறுநாள் நான் டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது அவர் அப்பாவிடம் கேட்டாராம், "நிஜமாவே ரெண்டுதானா பெரியவரே, இல்ல சும்மா காட்டுறீங்களா?" என்று. அப்பா தன் குரலை அடக்கிக்கொண்டதாக நினைத்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாராம்:

"ரெண்டு கூட இல்லப்பா. என் பொண்ணு சொன்ன வைத்தியம், ஒண்ணுமே வலிக்கல. ஆனா ஒண்ணுமே இல்லன்னு சொன்னா என் புள்ளைங்க நம்பாது. அதான் ரெண்டு சேத்துக் காட்டுறேன்."

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று பத்து நாள் நினைத்தேன். மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம், அதனால் எழுதிவிட்டேன். உன் வைத்தியம் பலித்தது அக்கா. அவருக்கு வலிக்கவே இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். வராவிட்டால் அதையும் எழுதுகிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்? நீ என்ன எழுதுகிறாயோ, கூட்டாமல் குறைக்காமல் அதையே நம்புகிறேன்.

தம்பி